சித்தப்பா நிலத்து ஓடை

பிரிக்பீல்ட்ஸ்,
3 மார்ச் 2024

அன்புள்ள மலர்,

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். உன் தையல் கடைக்குப் போன் போட்டால் தனலெட்சுமி அக்கா எடுத்து, "மலர் பிளவுஸ் வெட்டிக்கிட்டிருக்கு, பிசி லா" என்று வைத்துவிடுகிறார். எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே பிளவுஸா? வேறு வழியில்லாமல் தபாலில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கடைசியாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் வைத்திருக்கிறேன். "எங்க சித்தப்பா குடியைக் கெடுத்துட்டீங்க" என்று கத்தியிருந்தாய். கரை சரிந்தது, மரம் விழுந்தது, நில இலாகாவிலிருந்து ஆள் வந்தது என்பது வரை புரிந்தது. மீதி உன் அழுகையில் கேட்கவில்லை.

நான் அந்த இடத்தின் பெயரை எங்கும் போடவில்லை, மலர். ஆற்றில் தங்கம் அலசப் பழகுகிறவர்களுக்கான அந்த ஃபேஸ்புக் குழுவில், நீயும் நானும் முதன்முதலில் சந்தித்த அதே குழுவில், ஒரு சின்ன வீடியோ போட்டேன். தங்கம் அலசும் என் டூலாங் தட்டில் கறுப்பு மணலின் ஓரத்தில் ஒரு பொடி மஞ்சள். பக்கத்தில் உன் சித்தப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஊர் பெயர் இல்லை, ரோடு பெயர் இல்லை.

இந்த ஐம்பத்திரண்டு வயதுவரை கம்பெனிகளுக்குச் செக்ரட்டரியாக இருந்து, அடுத்தவர்களின் மீட்டிங்குகளுக்குக் குறிப்பு எழுதியே காலம் போய்விட்டது. அந்த மஞ்சளை நானே, என் கையாலேயே எடுத்தேன். நிழலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தோமே, அப்போதும் அது மின்னியது. அதை யாருக்காவது காட்ட வேண்டும் போல இருந்தது. என் வீட்டில் காட்ட யார் இருக்கிறார்கள், உனக்குத் தெரியாதா?

அங்கே கூட்டம் போனது உன் மெசேஜ் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்று எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
ராஜினி


கிள்ளான்,
14 மார்ச் 2024

ராஜினி அவர்களுக்கு,

அக்கான்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரல.

என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கீங்க. சொல்றேன். முதல்ல மோட்டார் சைக்கிள்ல பையனுங்க வந்தானுங்க. தட்டு, சல்லடை, நெகிழி வாளி. சரி, நம்மளாட்டம் ஆளுங்கதானேன்னு சித்தப்பா விட்டுட்டாரு. அப்புறம் நாலு சக்கர வண்டியில வந்தாங்க. பம்ப் கொண்டாந்தாங்க. ஓடை வளையுற இடத்துல, உள்பக்கம் மணல் தேங்குமே, அங்கதான் தங்கம் தங்கும்னு நமக்கு அந்தக் குழுவுல சொல்லிக் குடுத்தாங்களே, அந்த வளைவுல மணல் தீந்ததும் கரையையே வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. தண்ணி தே தாரிக் டீ கலர்ல ஓடுச்சு. கீழ கம்பத்துல இருக்கிற ஜனங்க வீட்டுக்கு அந்தத் தண்ணிதான் குழாயில போகுது. அவங்க சும்மா இருப்பாங்களா? நில இலாகாவுக்குப் புகார் எழுதிப் போட்டுட்டாங்க. அப்புறம் மழை. ரெண்டு நாள் விடாம பேஞ்ச மழையில வெட்டின கரை அப்படியே உக்காந்துடுச்சு. காய்ச்சுக்கிட்டிருந்த டுரியான் மரம் ரெண்டு வேரோட தண்ணிக்குள்ள.

பேரு போடலையாம். வீடியோல பின்னால தொங்குபாலம் தெரியுது. நீலத் தண்ணி டாங்கி தெரியுது. பெந்தோங் பக்கம் ஒரு தடவை போனவனுக்குக்கூட அது எந்த இடம்னு தெரியும்.

முதல் நாள் உங்க கார்ல போறப்ப நான் என்ன கேட்டேன்? டோல் தாண்டினதும் கேட்டேன். "அக்கா, சித்தப்பா ஓடை நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்." "வாயே திறக்க மாட்டேன்"னு சொன்னீங்க. வாயைத் திறக்கலதான். போனைத் திறந்தீங்க.

உங்களுக்கு அவரு பெந்தோங் பக்கம் கோழி வளக்கிற ஒரு அங்கிள். எனக்கு எங்கப்பா செத்தப்ப, "இது இனிமே என் பொண்ணு"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவரு. அந்த நிலம் அவரோடது இல்ல, கவர்மெண்டோடது. வருஷா வருஷம் லைசன்ஸ் புதுப்பிச்சுத்தான் இருக்காரு. இப்ப புதுப்பிக்க மாட்டோம்னு கடுதாசி வந்திருக்கு. பெர்மிட் இல்லாம தங்கம் எடுக்கிற வியாபாரம் நடத்துறாராம். எங்க சித்தப்பா! வியாபாரம்!

அந்த மெசேஜ்ல அழுதது நான் இல்ல, சித்தி. அதையும் தெரிஞ்சுக்கோங்க.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்,
24 மார்ச் 2024

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் போகவில்லை. மோனோரயில் ஸ்டேஷன் வரை நடந்து திரும்பி வந்தேன்.

விழுந்த மரங்களுக்கு நான் ஈடு கட்டுகிறேன். நல்ல வக்கீல் ஒருவரையும் எனக்குத் தெரியும், கட்டணத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை நீ நியாயமாக யோசிக்க வேண்டும். கரையை வெட்டியது நானா? பம்ப் கொண்டுவந்தது நானா? அந்த மாதிரி ஆட்கள் இன்றில்லாவிட்டால் நாளை எப்படியும் அந்த ஓடையைக் கண்டுபிடித்திருப்பார்கள். உன் சித்தப்பாவும் இத்தனை வருடம் தற்காலிக லைசன்ஸை நம்பி இருந்திருக்கக் கூடாது. நிரந்தரப் பட்டாவுக்கு முறைப்படி எழுதிப் போட்டிருக்க வேண்டும். நம்மவர்கள் பலர் இந்த விஷயங்களில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள், பிறகு அவதிப்படுகிறார்கள்.

கோபப்படாதே. நான் உதவத்தான் நினைக்கிறேன்.

நாம் இருவரும் முட்டியளவு தண்ணீரில் நின்று, வேகமாக ஆட்டி ஆட்டி எல்லாத் தங்கத்தையும் ஆற்றிலேயே கொட்டிக்கொண்டிருந்த அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? உன் சித்தி கொடுத்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுச் சம்பலும்? அப்படிச் சாப்பிட்டு எனக்கு எத்தனையோ வருடமாயிற்று. அதையெல்லாம் ஒரு வீடியோவுக்காக இல்லையென்று ஆக்கிவிடாதே.

ராஜினி


கிள்ளான்,
2 ஏப்ரல் 2024

ராஜினி அவர்களுக்கு,

"நம்மவர்கள்"னு எழுதியிருக்கீங்க. யாரு நம்மவர்கள்? உங்க தாத்தா சிலோன்ல இருந்து கப்பல்ல வந்து ரயில்வே ஆபீஸ்ல உக்காந்தாருன்னு நீங்கதான் கார்ல பெருமையா சொன்னீங்க. எங்க தாத்தா அதே ரயிலுக்குத் தண்டவாளக் கட்டை தூக்கினாரு. பட்டாவுக்கு எழுதிப் போடணும்னு சித்தப்பாவுக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிப் போட்டாரு. அப்புறமும் போட்டாரு. எம்.பி. ஆபீஸ் பெஞ்சுல உக்காந்து உக்காந்து வேட்டி தேஞ்சதுதான் மிச்சம். அசட்டையாம்.

உங்க காசு வேணாம். வக்கீலும் வேணாம்.

ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மே பதினஞ்சாம் தேதி நில இலாகாவுல விசாரணை. சித்தப்பா சார்பா யாராச்சும் பேசலாமாம். நீங்க வந்து நடந்ததைச் சொல்லுங்க. மலரோட சிநேகிதியா அவரு வீட்டுக்கு வந்தேன், அவரு என்கிட்ட ஒரு காசு வாங்கல, யாரையும் கூப்பிடல, வீடியோ போட்டது நான், அவருக்கு அது தெரியவே தெரியாதுன்னு. அவ்வளவுதான். நான் சொன்னா, வீட்டுப் பொண்ணு, அப்படித்தான் சொல்லும்பாங்க. நீங்க படிச்சவங்க. மலாய், இங்கிலீஷ் எல்லாம் அவங்க மாதிரியே பேசுவீங்க. உங்க வார்த்தைக்கு ஒரு மரியாதை இருக்கு. அது எனக்கு எரிச்சலா இருந்தாலும் இப்ப அதுதான் வேணும்.

இதைச் செஞ்சீங்கன்னா திரும்பவும் அக்கான்னு எழுதுறேன்.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள மலர்,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

வக்கீலிடம் கலந்து பேசினேன். பெர்மிட் இல்லாமல் ஆற்றில் தங்கம் அலசுவது பொழுதுபோக்காக இருந்தாலும் குற்றம்தான் என்கிறார். நான் அங்கே போய் அதை என் வாயால் ஒப்புக்கொண்டால் அது பதிவாகும். என் தொழிலுக்கும் ஒரு லைசன்ஸ் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கும்போது என் மேல் ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்பார்கள். இந்த வயதில் எனக்கு வேறு வருமானம் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன். உங்கள் சித்தப்பா காசு வாங்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அவர் வாங்கினார். டிசம்பரில் பள்ளி விடுமுறை சமயம் நீங்கள் இல்லாமல் நான் ஒரு தடவை அங்கே போனேன். ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். உங்களுக்குத் தீபாவளி பிளவுஸ் வேலை முடிந்த களைப்பு, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். அன்று வாசலில், கார் நிறுத்த பத்து வெள்ளி என்று பலகை வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரிடமும் வாங்கிக்கொண்டிருந்தார். விசாரணையில் அதை மறைத்துப் பேசினால் அது பொய்ச் சாட்சி. அப்படிப்பட்ட காரியத்தை நீங்களே என்னிடம் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

வீடியோவை அழித்துவிட்டேன்.

ராஜினி


கிள்ளான்,
29 ஏப்ரல் 2024

ராஜினி அவர்களுக்கு,

நேத்து வரைக்கும் நீ. இப்ப நீங்கள். வக்கீலைப் பாத்துட்டு வந்தா தமிழ்கூட மாறிப்போகுது.

உங்க கடுதாசி வந்ததும் பஸ் ஏறி சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நின்னு கேட்டேன். "காசு வாங்கினீங்களா?" "வாங்கினேன்"னாரு. ஒளிக்கல. "வர்றவன் போறவன் எல்லாம் என் வாழையை மிதிச்சுட்டுப் போறான், சும்மா விடச் சொல்றியா?"ன்னு என் மேலயே பாய்ஞ்சாரு. நானும் கத்தினேன். "நீங்க காசு வாங்கலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன், என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே"ன்னேன். சித்தி சோறு போட்டுச்சு. சாப்பிடாம கிளம்பிட்டேன்.

கிளம்புறப்ப கோழிக்கூண்டுக்குப் பின்னால அந்தப் பலகை கவுந்து கிடந்துச்சு. திருப்பிப் பாத்தேன்.

எங்க சித்தப்பாவுக்குத் தன் பேரு மட்டும்தான் எழுத வரும், அதுவும் தமிழ்ல. பலகையில மலாய் எழுத்து. நேர் நேரா, கோடு போட்டாப்புல. மார்க்கர் பேனா. பத்துன்னு போட்டிருந்த இடத்துல ஒண்ணுக்கு மேல ஒரு தொப்பி, கீழ ஒரு கோடு. உங்க கவர் ஒவ்வொண்ணுக்கும் பின்னால உங்க வீட்டு நம்பர் பதினேழு எழுதுவீங்களே, அதே ஒண்ணு. பஸ்ல வர்றப்ப பையிலிருந்து உங்க கவரை எடுத்து திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே வந்தேன்.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே "யாரு எழுதினது"ன்னு அவரைக் கேட்டிருந்தேன். "கடையில குடுத்து எழுதி வாங்கினேன்"னாரு. அவருக்குப் பொய் சொல்ல வராது. கழுத்தைத் தடவுவாரு.

நீங்க சொல்லுங்க. கூட்டம் போனதே என் மெசேஜ் பாத்துத்தான் தெரியும்னு எழுதினவங்க நீங்க. பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்னு எழுதினவங்களும் நீங்க.

மலர்


பிரிக்பீல்ட்ஸ்,
9 மே 2024

மலர்,

ஆமாம். நான்தான் எழுதினேன்.

அன்று போனபோது ரோட்டோரம் முழுக்கக் கார்கள்.  என் வீடியோதான் காரணம் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. உன் சித்தப்பா வாழைத் தோட்டத்து ஓரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவுமில்லை, கும்பிடவுமில்லை. "அங்கிள், சும்மா விடாதீங்க, பார்க்கிங் காசாவது வாங்குங்க" என்றேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "உங்க நிலம், உங்க உரிமை" என்று நான்தான் வற்புறுத்தினேன். காரில் மார்க்கர் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு ஏதோ பரிகாரம் செய்துவிட்டது போல நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அது வியாபாரம் என்று ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

என்னால் வர முடியாது, மலர். நினைத்துப் பார்த்தேன். முடியாது. வக்கீல் ஒரு சத்தியப் பிரமாணம் தயார் செய்து கொடுத்திருக்கிறார், இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தின் விருந்தாளியாக ஒரு முறை வந்தேன், உன் சித்தப்பா நல்ல மனிதர், கட்டணம் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது என்று அதில் இருக்கிறது. பலகையைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை வக்கீல் எடுத்துவிட்டார். நான் மறுப்புச் சொல்லவில்லை.

நீ என்னைக் கேவலமாக நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் நீயும் ஒன்றை ஒப்புக்கொள். உனக்கு அந்தக் குழுவில் கார் வைத்திருக்கிற ஒருத்தி தேவைப்பட்டாள். பெந்தோங்குக்குப் பஸ் மாறி மாறிப் போகாமல் இருக்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளான் வரை வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். உனக்கு நான் என்னவாக இருந்தேன் என்று ஒரு நாளும் நீ சொன்னதில்லை.

ராஜினி


கிள்ளான்,
2 ஜூன் 2024

ராஜினி அவர்களுக்கு,

கார் வேணும்னுதான் முதல்ல உங்களோட பேசினேன். உண்மைதான். அப்புறம் அது அப்படி இல்ல. எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியாது. அதை உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது.

விசாரணை முடிஞ்சுது. நீங்க கேக்கலன்னாலும் எழுதுறேன். தெரியாம இருக்க உங்களுக்கு உரிமை இல்ல.

சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தாரு. ஆபீசர் ஒரு மலாய்க்கார அம்மா. மரியாதையாத்தான் பேசினாங்க. மேசை மேல பலகையோட போட்டோ இருந்துச்சு, கம்பத்துல யாரோ எடுத்துக் குடுத்தது. "அங்கிள், இதை எழுதினது யாரு?"ன்னு கேட்டாங்க.

"நான்தான்"னாரு சித்தப்பா.

அந்தம்மா அவரைப் பாத்தாங்க. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அவர் பக்கம் தள்ளி, "அதே மாதிரி இதுல ஒருக்கா எழுதுங்க"ன்னாங்க.

பேனாவைக் கையில எடுத்தாரு. தாளையே பாத்துக்கிட்டிருந்தாரு. "கண்ணாடி கொண்டாரல"ன்னாரு. சட்டைப் பையில கண்ணாடி நீட்டிக்கிட்டிருக்கு. அந்தம்மாவுக்கும் தெரியுது, பக்கத்துல டைப் அடிச்சுக்கிட்டிருந்த பையனுக்கும் தெரியுது. அந்தப் பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

"வேற யாராச்சும் வந்து போர்டு வெச்சு, ஆளுங்களைக் கூப்பிட்டு நடத்தியிருந்தா, அங்கிளோட கேஸ் வேற மாதிரி"ன்னாங்க அந்தம்மா. என்னைப் பாத்துத்தான் சொன்னாங்க. வாயில உங்க பேரு நிக்குது. முழுப்பேரு, அபார்ட்மெண்ட் நம்பர், கார் நம்பர் எல்லாம். "மேடம்"னு ஆரம்பிச்சேன். மேசைக்குக் கீழ சித்தப்பா என் மணிக்கட்டைப் புடிச்சாரு. அறுபத்தெட்டு வயசு. ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின கை. வளையல் உடைஞ்சு ரத்தம் வந்துடுச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன்.

வெளிய வந்து கேண்டீன்ல வெச்சுக் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "எதுக்கு சித்தப்பா? அவ யாரு உங்களுக்கு?"ன்னேன். காப்பியை ஆத்திக்கிட்டே இருந்தாரு. "நம்ம வீட்டுல உக்காந்து சாப்பிட்ட பொண்ணு, மலரு. தனியா இருக்கிற பொண்ணு. அது எழுதிக் குடுத்துச்சு சரி, காசை வாங்கின கை என்னுதுதானே"ன்னாரு. 

லைசன்ஸ் ரத்து. கோழிங்களை யாவாரம் பண்ற ஒரு சீனத் தவுக்கே லோரியோட வந்து மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாரு. மிச்ச மரத்துக்கு நஷ்டஈடு கிடையாது, அது கவர்மெண்ட் நிலத்து மரம். இப்ப ரெண்டு பேரும் கம்போங் மேடான்ல, மகன் நாகையாவோட ஃபிளாட்ல இருக்காங்க. அவனுக்கே மூணு பிள்ளைங்க. சித்தப்பா ஹால்ல படுக்கிறாரு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சித்திக்கு முட்டி வலி, கீழ இறங்குறதே இல்ல.

உங்க சத்தியப் பிரமாணத்தை நான் ஆபீசர்கிட்ட குடுக்கல. பலகையை எழுதினேன்னு அவரு சொன்னது ஒரு பொய், காசு பத்தித் தெரியாதுன்னு நீங்க சொல்றது ஒரு பொய். ஒரே மேசையில ரெண்டு பொய் எதுக்கு? இதோட திருப்பி வெச்சிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை அவருக்கு மீன் குழம்பு கொண்டு போனேன். பால்கனியில நாகையாவோட சட்டைங்களுக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. கீழ கார்தான் தெரியுது. குழம்பை வாங்கி வெச்சுட்டு, "அந்த ராஜினி பொண்ணு சௌக்கியமா? பேசுறியா?"ன்னு கேட்டாரு.

"சௌக்கியம்"னேன்.

"சண்டை கிண்டை போட்டுறாதே"ன்னாரு.

அவரு உங்களை மன்னிச்சுட்டாருன்னு நீங்க நெனைச்சுக்கலாம். கடைசியில உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு நிம்மதியா தூங்கலாம். அப்படித் தூங்கிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். நான் மன்னிக்கல. அவர் பேச்சைக் கேட்டு அன்னிக்கு வாயை மூடிக்கிட்டதுக்கு என்னையும் மன்னிக்கல. இதைச் சொல்லத்தான் இந்த ஸ்டாம்ப்.

மலர்